ஜாக்சன்வில் 1963: கணக்குப் பிழை என்று இன்னும் எத்தனை முறை சொல்வீர்கள்?

தணிகைவேலன்:

பந்தயங்களும் அரசியலும் பற்றிய இழையில் சார்லட் வாசி அவர்கள் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு எக்காலத்திலும் நிறம் பார்த்து எவரையும் ஒதுக்கியதில்லை என்றும், 1963இல் வெண்டல் ஸ்காட்டுக்கு வெற்றி அறிவிக்கப்படாமல் போனது வெறும் கணக்குப் பிழை என்றும், அடிமைமுறையைக் காக்க உள்நாட்டுப் போர் நடத்திய தென் மாநிலங்களின் கான்ஃபெடரேட் கொடியை 2020இல் தடை செய்ததே அந்த விளையாட்டின் வேரில் வெந்நீர் ஊற்றியது என்றும் ஒரே மூச்சில் மூன்று தீர்ப்புகள் வழங்கியிருக்கிறார். மூன்றுமே தவறு. இரண்டாவது, இறந்துபோன ஒரு மனிதருக்குச் செய்யும் அவமரியாதையும் ஆகும்.

நடந்தது இதுதான். 1963 டிசம்பர் 1 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், ஸ்பீட்வே பார்க் என்னும் அரை மைல் மண் தடத்தில் 200 சுற்றுப் பந்தயம் நடந்தது. வர்ஜீனியாவின் டான்வில் ஊரைச் சேர்ந்த கறுப்பின ஓட்டுநரான ஸ்காட், நெட் ஜாரட்டிடமிருந்து வாங்கிய பழைய செவ்ரலே காரில் 15ஆவது இடத்திலிருந்து புறப்பட்டார். இன்னும் 25 சுற்றுகள் இருந்தபோது, கோளாறு கண்டிருந்த காரை ஓட்டிக்கொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டியை முந்தி முதலிடத்துக்கு வந்தார். ஆனால் வெற்றி அறிவிக்கப்பட்டதோ வெள்ளை ஓட்டுநரான பக் பேக்கருக்கு. மேடையேறியவரும் கோப்பையை வாங்கியவரும் அவரே. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, வென்றவர் ஸ்காட் என்றும், அவர் மற்ற அனைவரையும்விட இரண்டு சுற்றுகள் முன்னால் இருந்தார் என்றும் அதிகாரிகள் சொன்னார்கள்.

இரண்டு சுற்றுகள் என்பதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். அரை மைல் தடத்தில் அது முழுதாக ஒரு மைல் தூரம். ஒரு மைல் முன்னால் ஓடிக்கொண்டிருந்த காரை அங்கிருந்த அதிகாரிகள் அனைவரும் காணாமல் விட்டார்கள் என்பதை நம்பச் சொல்கிறார் நம் நண்பர்.

சார்லட் வாசி:

தணிகைவேலன் ஐயா, தாங்கள் எழுதிய நிகழ்ச்சி வரிசையில் எனக்கு மறுப்பில்லை. அதிலிருந்து தாங்கள் எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன். அந்தக் காலத்தில் சுற்றுகளைக் கையால்தான் எண்ணினார்கள். ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்து, கார் கோட்டைக் கடக்கும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்வார். ஒரு கடப்பைக் குறிக்கத் தவறினால் ஒரு சுற்று போயிற்று. மண் தடத்தில் எழும் புழுதியில் இது நடக்காது என்று சொல்பவர் அந்த வேலையின் தன்மையை அறியாதவர்.

வெள்ளையர்களுக்கும் இது நடந்தது. 1959இல் முதலாவது டேடோனா 500 பந்தயத்தில் ஜானி போஷாம்ப் வென்றதாக அறிவித்துவிட்டு, மூன்று நாள்கள் புகைப்படங்களையும் திரைச்சுருளையும் பார்த்த பிறகே வெற்றி லீ பெட்டிக்கு என்று மாற்றினார்கள். அதே ஆண்டு அட்லாண்டாவின் லேக்வுட் தடத்தில் இளைஞரான ரிச்சர்ட் பெட்டிக்கு முதல் வெற்றி அறிவிக்கப்பட்டபோது, அவருடைய தந்தை லீ பெட்டியே ஆட்சேபம் எழுப்பினார். அட்டைகளை மறுபடி பார்த்து மகனிடமிருந்த வெற்றியைத் தந்தைக்குக் கொடுத்தார்கள். 1949இல் சார்லட்டில் நடந்த முதலாவது பந்தயத்திலும், கோட்டை முதலில் கடந்த க்ளென் டனவே, காரின் பின் வில்களைக் கள்ளச் சாராயம் கடத்துவோர் செய்யும் முறையில் மாற்றியிருந்தார் என்று தகுதி நீக்கப்பட்டு, வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போனது. இவர்களில் எவர் கறுப்பர்?

இன்னொன்றையும் தாங்கள் எழுதவில்லை. பிழையைக் கண்டவுடன் அதிகாரிகள் தாமே திருத்தினார்கள், வெற்றி ஸ்காட்டின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது, பரிசுப் பணமும் அவருக்குத்தான் சென்றது. வஞ்சகம் செய்ய நினைத்தவன் அன்று மாலையே தன் வஞ்சகத்தைத் தானே திருத்திக்கொள்வானா?

தணிகைவேலன்:

எதிர்பார்த்த பதில்தான். 1959 டேடோனாவை இங்கே கொண்டுவந்து நிறுத்துவது எவ்வளவு பொருந்தாதது என்பதைப் பாருங்கள். அன்று மூன்று கார்கள் ஒன்றையொன்று ஒட்டியபடி கோட்டைக் கடந்தன, அவற்றில் ஒன்று சுற்றில் பின்தங்கிய கார். வேறுபாடு சில அடிகள். கண்ணால் தீர்மானிக்க முடியாத ஒன்றைப் புகைப்படத்தால் தீர்மானித்தார்கள். ஜாக்சன்வில்லில் வேறுபாடு இரண்டு சுற்றுகள். அடிக்கணக்கும் மைல் கணக்கும் ஒன்றா?

லேக்வுட் வழக்கிலும் ஆட்சேபம் எழுந்தது, விசாரித்தார்கள், தந்தைக்கு வெற்றி கிடைத்தது, அவ்வளவில் முடிந்தது. ஸ்காட் அன்று தான் வென்றதை நன்றாக அறிந்திருந்தார், கேட்கவும் செய்தார். ஆயினும் அந்த விழாவை ஒருவரும் நிறுத்தி வைக்கவில்லை. வெற்றி மேடையில் நிற்கும் வெள்ளை அழகி ஒரு கறுப்பரை முத்தமிடும் காட்சி நேர்ந்துவிடக் கூடாது என்பதே காரணம் என்று ஸ்காட் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். அது எந்த ஊர், எந்தக் காலம் என்பதையும் எண்ணுங்கள். ஃபுளோரிடாவில் வெள்ளையரும் கறுப்பரும் மணம் செய்துகொள்வதே 1967 வரை குற்றம். அந்த 1963ஆம் ஆண்டு ஜூன் 10 அன்று ஸ்காட்டின் சொந்த ஊரான டான்வில்லில், உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களைக் காவலர்கள் தடியால் அடித்துக் காயப்படுத்தினார்கள். செப்டம்பரில் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். இத்தனைக்கும் நடுவே அந்த மண் தடத்தில் மட்டும் அட்டைகளும் பென்சில்களும் நிறம் அறியாமல் வேலை செய்தன என்கிறீர்கள்.

திருத்தினார்கள், பணம் கொடுத்தார்கள் என்கிறீர்கள். கோப்பை எங்கே? அன்று பேக்கர் எடுத்துச் சென்ற கோப்பை ஸ்காட்டுக்குக் கிடைக்கவே இல்லை. அவர் 1990இல் இறந்தார். நாஸ்கார் அமைப்பு அவருடைய குடும்பத்தாரிடம் ஒரு கோப்பையை முறைப்படி கொடுத்தது 2021 ஆகஸ்டில், டேடோனாவில். ஏறத்தாழ 58 ஆண்டுகள் எடுத்துக்கொண்ட கணக்குப் பிழையை உலகில் வேறெங்கும் காட்ட முடியுமா?

கோவை ரசிகன்:

நண்பர்கள் இருவரும் நம் ஊர்க்காரர் ஒருவரை மறந்துவிட்டீர்கள். எங்கள் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2010இல் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில்லில் தொடங்கி, முழுத் தொடரிலும்கூடக் கலந்துகொள்ளாமல், அந்த ஆண்டின் மக்கள் மனம் கவர்ந்த ஓட்டுநர் என்ற விருதை வாங்கினார். நிறவெறி பிடித்த ரசிகர்கள் நிறைந்த விளையாட்டு என்றால் ஓர் இந்தியருக்கு அந்த விருது எப்படிக் கிடைத்திருக்கும்? சார்லட் வாசி சொல்வதில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

தணிகைவேலன்:

தம்பி, நரேன் மீது எனக்கும் மதிப்பு உண்டு, அவர் ஃபார்முலா 1 பந்தயத்துக்குள் நுழைந்த 2005இல் நானும் மகிழ்ந்தவன்தான். ஆனால் அந்த விருது இணைய வாக்கெடுப்பில் கிடைத்தது. வாக்குகள் அலபாமாவிலிருந்து வந்தனவா, கோயம்புத்தூரிலிருந்து வந்தனவா என்பதை நீங்களே சொல்லுங்கள். 2010இல் விருந்தினராக வந்து சில பந்தயங்கள் ஓட்டிய ஓர் இந்தியரையும், 1961 முதல் 1973 வரை அந்தத் தடங்களிலேயே உழன்று 495 பந்தயங்கள் ஓடிய ஸ்காட்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். தென் கரோலினாவின் டார்லிங்டன் தடத்தில் தன்னைப் பல ஆண்டுகள் ஓட விடவில்லை என்று ஸ்காட் சொல்லியிருக்கிறார். நரேனை எந்தத் தடம் தடுத்தது?

மங்கையர்க்கரசி:

நான் அலபாமாவில் குடியிருப்பவள் என்பதால் இதை எழுதுகிறேன். எல்லாரும் 1963இலேயே நிற்கிறீர்கள். 2020இல் நடந்ததைப் பேசினால்தான் இந்த விளையாட்டு மாறியதா இல்லையா என்பது தெரியும். கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்ட் காவலரால் கொல்லப்பட்ட பிறகு, முதன்மைத் தொடரில் முழுநேரமாக ஓடிய ஒரே கறுப்பின ஓட்டுநரான பப்பா வாலஸ், பந்தய வளாகங்களிலிருந்து கான்ஃபெடரேட் கொடியை அகற்ற வேண்டும் என்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகக் கேட்டார். ஜூன் 10 அன்று நாஸ்கார் அதைத் தடை செய்தது. அடுத்த இரு வாரங்களுக்குள் எங்கள் அலபாமாவின் டலடேகாவில் பந்தயம். தொற்றுக் காலம் என்பதால் உள்ளே 5,000 பேருக்கு மட்டுமே அனுமதி இருந்தது. வெளியே சாலையில் கொடி கட்டிய வண்டிகள் ஊர்வலம் போயின. வானத்தில் ஒரு விமானம் அந்தக் கொடியை இழுத்துக்கொண்டு வட்டமிட்டது. இது கணக்குப் பிழையா?

மறுநாள் நாற்பது கார்களின் ஓட்டுநர்களும் பணியாளர்களும் வாலஸின் காரைத் தள்ளிக்கொண்டு வரிசையின் முன்னால் வந்து நின்றதையும் பார்த்தோம். அவர் அருகில் அவருடைய அணியின் உரிமையாளரும் பழைய ஓட்டுநருமான ரிச்சர்ட் பெட்டி நின்றார். தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்காதவர்கள் நாட்டைவிட்டே போகலாம் என்று 2017இல் பேசிய அதே பெட்டி. மாற்றம் என்பது இப்படித்தான் வரும், முழுமையாக அல்ல, ஒழுங்காகவும் அல்ல.

சார்லட் வாசி:

அம்மையார் டலடேகாவைத் தொட்டுவிட்டு, அங்கே நடந்த முக்கியமான செய்தியை மட்டும் நாசூக்காக விட்டுவிட்டார். வாலஸின் கராஜில், கறுப்பர்களைத் தூக்கிலிட்டுக் கொன்ற காலத்தை நினைவூட்டும் சுருக்குக் கயிறு வைத்து மிரட்டினார்கள் என்று உலகமே கொந்தளித்தது. மத்தியப் புலனாய்வு அமைப்பு 15 பேரை அனுப்பியது. ஜூன் 23 அன்று வெளிவந்த உண்மை என்ன? அந்தக் கயிறு 2019 அக்டோபரிலிருந்தே அந்தக் கதவை இழுத்து மூடுவதற்காகக் கட்டப்பட்டிருந்தது. அந்த இடம் வாலஸுக்கு ஒதுக்கப்படும் என்று 2019இல் எவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இல்லாத இனவெறியைக் கண்டுபிடித்து அதற்காகக் கண்ணீர் விட்ட ஒரு வாரத்தைத்தான் தாங்கள் மாற்றம் என்கிறீர்கள். கயிறும் பிழை, கணக்கும் பிழை. இரண்டையும் சதி என்று வாசித்தது ஒரே மனநிலை.

மங்கையர்க்கரசி:

நாசூக்காக விடவில்லை ஐயா, அதைப் பேசினால் தாங்கள் இப்படித்தான் எழுதுவீர்கள் என்பதால் விட்டேன். அந்தக் கயிற்றை வாலஸ் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய அணியைச் சேர்ந்த ஒருவர் பார்த்துச் சொன்னார், அப்போதைய நாஸ்கார் தலைவர் ஸ்டீவ் ஃபெல்ப்ஸ் வாலஸிடம் தெரிவித்தார். அதன் பிறகு நாஸ்கார் 29 தடங்களில் இருந்த 1,684 கராஜ்களைச் சோதித்தது. முடிச்சுப் போட்ட இழுகயிறுகள் பதினொன்று இருந்தன. அவற்றில் தூக்குக் கயிற்றின் வடிவில் இருந்தது அந்த ஒன்று மட்டுமே. வாலஸைக் குறிவைத்து எவரும் வைக்கவில்லை என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அமெரிக்காவின் அதிபரே ஜூலை 6 அன்று வாலஸை மன்னிப்புக் கேட்கச் சொன்னாரே, அது எதற்காக? தான் பார்க்காத கயிற்றுக்கு அவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

பழைய தடம்:

இரு தரப்பாரும் விளையாட்டை விட்டுவிட்டு வெகு தூரம் போய்விட்டீர்கள். இந்தப் பந்தயங்களின் பண்பாடு மாறியது 2020இல் அன்று, அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே. வட கரோலினாவின் மலையடிவார ஊரான நார்த் வில்க்ஸ்பரோவிலிருந்து 1996இல் பந்தயத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். 2004இல் ராக்கிங்ஹாமும் போயிற்று. டார்லிங்டனில் உழைப்பாளர் தின வாரத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்த சதர்ன் 500 பந்தயத்தை அதே 2004இல் இடம்பெயர்த்து, அந்த விடுமுறை நாளைக் கலிபோர்னியாவுக்குக் கொடுத்தார்கள். 1971 முதல் பெயர் கொடுத்து வந்த வின்ஸ்டன் சிகரெட் நிறுவனம் விலகியது, தொலைபேசி நிறுவனம் வந்தது, புள்ளிக் கணக்கு முறையைத் தலைகீழாக மாற்றினார்கள். சாராயம் காய்ச்சிக் கடத்திய ஜூனியர் ஜான்சன் போன்றவர்களின் மண்ணில் பிறந்த விளையாட்டைப் பெருநகர விளம்பரதாரர்களுக்குத் தாரை வார்த்தார்கள். இருக்கைகள் காலியானது அதனால்தான். டேடோனாவில் ஏறத்தாழ 1,46,000 ஆக இருந்த இருக்கைகளை 1,01,000 அளவுக்குக் குறைத்துக் கட்டி முடித்தது 2016இல். கொடித் தடைக்கு நான்கு ஆண்டுகள் முன்பு. ஆகவே கொடியால் கூட்டம் குறைந்தது என்று சார்லட் வாசி சொல்வதும் தவறு, நிறவெறி ஒன்றைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்க முயலும் தணிகைவேலனும் தவறு.

சார்லட் வாசி:

பழைய தடம் ஐயா, தாங்கள் அறியாமலேயே என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறீர்கள். தென்னகத்து உழைப்பாளி மக்களை இழிவாக நினைத்த நிர்வாகம்தான் தடங்களையும் பிடுங்கியது, கொடியையும் பிடுங்கியது. 2025இல் நாஸ்கார் மீதான நீதிமன்ற வழக்கில் வெளிவந்த குறுஞ்செய்திகளைப் படித்தீர்களா? அணி உரிமையாளரான ரிச்சர்ட் சில்ட்ரஸைப் பட்டிக்காட்டு முட்டாள் என்ற பொருளில் எழுதியவர் வேறு யாருமல்லர், 2020இல் கொடித் தடையை முன்னின்று நடத்திய அதே ஸ்டீவ் ஃபெல்ப்ஸ். நான் வாழும் ஊரில் இந்த மக்களோடுதான் நாள்தோறும் பழகுகிறேன். அவர்களில் பலருக்கு அந்தக் கொடி தாத்தாவின் நினைவு, ஊரின் நினைவு. அவர்களை ஒட்டுமொத்தமாகக் கொலைகாரர்களின் வரிசையில் நிறுத்துவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

தணிகைவேலன்:

தாத்தாவின் நினைவு என்று சொல்லி முடித்துவிட்டால் போதுமா? அந்தக் கொடியைப் பற்றித் தென்னகத்தின் தலைமகனான ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரே 2015இல், அது ஓர் இனம் முழுவதையும் புண்படுத்துகிறது என்று சொல்லிவிட்டார். சார்ல்ஸ்டனில் கறுப்பினத்தாரின் தேவாலயத்தில் ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் கொன்ற மாதம் அது. அந்த ஜூலையில் டேடோனாவுக்கு வந்த ரசிகர்களிடம், இந்தக் கொடியைக் கொடுத்துவிட்டு அமெரிக்கக் கொடியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார்கள். ரசிகர்கள் பெரும்பாலும் அசையவில்லை. கெஞ்சியும் கேட்காததனால்தான் ஐந்து ஆண்டுகள் கழித்துத் தடை வந்தது. டார்லிங்டனில் ரெபல் 300 என்று கலகக்காரர் பெயரிலேயே பந்தயம் வைத்து, கான்ஃபெடரேட் உடையணிந்த ஒருவரை விழா நாயகராக நிறுத்தியது ரசிகர்களா, நடத்தியவர்களா? நாஸ்காரை 1948இல் நிறுவிய பில் ஃபிரான்ஸ், வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைக்கும் கொள்கையின் முகமாக விளங்கிய அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸுக்கு 1972 அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவில் முன்னின்று வேலை செய்தார். இதையும் தாத்தாவின் நினைவில் சேர்த்துக்கொள்வீர்களா?

நான் மீண்டும் ஜாக்சன்வில்லுக்கே வருகிறேன், ஏனென்றால் நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. இரண்டு சுற்றுகள் ஐயா. ஒரு சுற்றுத் தவறுவதற்குத் தாங்கள் பென்சிலைக் காரணம் காட்டினீர்கள். அப்படியானால் ஸ்காட்டின் அட்டையில் எத்தனை கடப்புகள் தவறியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு சுற்று முன்னால் இருந்தவர் பின்னால் இருப்பதாகத் தெரிய வேண்டுமென்றால் குறைந்தது மூன்று கடப்புகளாவது விடுபட்டிருக்க வேண்டும். புழுதி ஸ்காட்டின் காரை மட்டும் தேடித் தேடி மறைத்ததா?

சார்லட் வாசி:

பில் ஃபிரான்ஸைப் பற்றிப் பாதியை மட்டும் சொல்கிறீர்கள். மற்ற ஓட்டுநர்களுக்கெல்லாம் பெட்ரோல் செலவுக்குப் பணம் கொடுத்த ஓர் ஏற்பாட்டாளர் ஸ்காட்டுக்குத் தர மறுத்தபோது, ஃபிரான்ஸ் தன் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்து, நீர் நாஸ்கார் உறுப்பினர், அப்படியே நடத்தப்படுவீர் என்று உறுதியளித்ததாக ஸ்காட்டே சொல்லியிருக்கிறார். தங்களுக்குச் சாதகமான இடங்களில் மட்டும் ஸ்காட்டின் சொல் வேதவாக்கு, மற்ற இடங்களில் அதை மறைத்துவிடுவீர்களா?

மூன்று கடப்புகள் விடுபட முடியும். 200 சுற்றுப் பந்தயத்தில், காரை நிறுத்திப் பெட்ரோல் நிரப்பும் வேளைகளில் அட்டை எழுதுபவர்கள் தடுமாறுவது அன்று சாதாரணம். லேக்வுட்டிலும் சுற்றுக் கணக்குத்தான் தவறியது.

தணிகைவேலன்:

எதையும் மறைக்கவில்லை. ஃபிரான்ஸ் அந்தப் பணத்தைக் கொடுத்தது உண்மை. உறுதிமொழி கொடுத்ததும் உண்மை. அந்த உறுதிமொழியை நம்பித்தான் ஸ்காட் ஜாக்சன்வில்லுக்குப் போனார். அதன் பிறகும் அங்கே அவருக்கு நடந்தது இது என்பதுதான் என் வேதனை. தாங்கள் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி தங்களையே மறுக்கிறது: நிறம் பார்க்கும் ஏற்பாட்டாளர்கள் இருந்தார்கள் என்பதற்குத் தாங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். எக்காலத்திலும் நிறம் பார்த்ததில்லை என்று நேற்று எழுதியவர் இன்று எங்கே போனார்?

சார்லட் வாசி:

நான் நாஸ்கார் அமைப்பைச் சொன்னேன், ஊர் ஊராக இருந்த ஏற்பாட்டாளர்களைச் சொல்லவில்லை.

தணிகைவேலன்:

ஜாக்சன்வில்லில் சுற்றுகளை எண்ணிய அதிகாரிகள் நாஸ்கார் அதிகாரிகள். அமைப்பு என்பது அவர்களைத் தவிர வேறு எது?

கோவை ரசிகன்:

கைல் லார்சன் விவகாரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. 2020 ஏப்ரலில் கணினிப் பந்தயம் ஒன்றில் கறுப்பினத்தாரை இழிக்கும் சொல்லைச் சொன்னதற்காக நாஸ்கார் அவரை இடைநீக்கம் செய்தது, அணியும் வெளியேற்றியது. அவர் அரை ஜப்பானிய மரபினர், நாஸ்காரின் பன்முகத்தன்மைத் திட்டத்தில் வளர்ந்தவர். அடுத்த ஆண்டே திரும்பி வந்து 2021 சாம்பியன் ஆனார். தண்டனையும் உண்டு, மன்னிப்பும் உண்டு என்பதுதானே மாற்றம்?

மங்கையர்க்கரசி:

லார்சன் மன்னிப்புக் கேட்டார், கற்றுக்கொள்ளவும் முயன்றார், அதை மதிக்கிறேன். ஆனால் அரங்கத்தில் கவனித்துப் பாருங்கள். ஓட்டுநர் அறிமுகத்தின்போது லார்சனுக்குக் கைதட்டல், வாலஸுக்குக் கூச்சல். குற்றம் செய்தவருக்கு ஓராண்டில் மறதி கிடைத்தது. குற்றமே செய்யாதவருக்குக் கயிற்றை இன்றுவரை நினைவூட்டுகிறார்கள். 2022இல் லாஸ் வேகஸில் லார்சனைத் தன் காரால் மோதிச் சுவரில் தள்ளியதற்காக வாலஸை ஒரு பந்தயம் தடை செய்தார்கள். அது சரியான தண்டனை, நான் குறை சொல்லவில்லை. இந்த வசவுக்குத்தான் முடிவே இல்லை.

சார்லட் வாசி:

கூச்சலிடுவது ரசிகரின் உரிமை. டேல் எர்ன்ஹார்ட்டுக்கும் ஜெஃப் கார்டனுக்கும் கைல் புஷ்ஷுக்கும் கூச்சலிட்டவர்கள்தாம் இவர்கள். மேலும் 2021 அக்டோபரில் டலடேகாவில் வாலஸ் பெற்ற முதல் வெற்றி, மழையால் 117 சுற்றுகளில் நிறுத்தப்பட்ட பந்தயத்தில் வந்தது. அதை வரலாறு என்று ஊதிப் பெருக்கினார்கள்.

தணிகைவேலன்:

இதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். மழையால் பாதியில் முடிந்த டேடோனா 500 பந்தயங்களை 2003இல் மைக்கேல் வால்ட்ரிப்பும் 2009இல் மேட் கென்செத்தும் வென்றார்கள். அவர்களுடைய வெற்றியைத் தாங்கள் எந்த இழையிலாவது குறைத்து எழுதியதுண்டா? வாலஸ் வென்றால் மட்டும் மழை. அடுத்த ஆண்டு கேன்சஸில் மழையில்லாமல் வென்றார், அதைப் பற்றி அன்று ஒரு வரியும் எழுதவில்லை தாங்கள். 2025 ஜூலையில் இண்டியானாபொலிஸில், கூடுதல் சுற்றுகளில் இதே லார்சனை முந்த விடாமல் பிரிக்யார்ட் 400 வென்றார். அன்றைக்கும் தாங்கள் எரிபொருள் அதிர்ஷ்டம் என்று எழுதியதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஸ்காட் வென்றால் பென்சில், வாலஸ் வென்றால் மழை, மறுபடி வென்றால் எரிபொருள். கறுப்பர் வென்ற பந்தயத்தில் மட்டும் காரைத் தவிர மற்ற எல்லாமும் ஓடியிருக்கின்றன தங்கள் கணக்கில்.

சார்லட் வாசி:

தாங்கள் என்னை இனவெறியன் என்று சொல்ல வருகிறீர்கள் என்றால் நேராகவே சொல்லலாம். இந்த நாட்டில் தோல் நிறத்துக்காகப் பார்வைகளைச் சந்தித்தவன் நானும்தான். வாலஸின் பிரிக்யார்ட் வெற்றியை நான் மறுக்கவில்லை, எரிபொருள் குறைவாக இருந்தது என்று எழுதினேன், அது உண்மை. அதை இங்கே இழுத்து வருவது பழைய பகையைத் தீர்த்துக்கொள்ளும் வேலை.

பழைய தடம்:

2023இல் நார்த் வில்க்ஸ்பரோவுக்குப் பந்தயம் திரும்பி வந்ததையும், அதே கோடையில் சிகாகோ நகரத் தெருக்களில் பந்தயம் நடத்தியதையும் சேர்த்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பழைய ரசிகரையும் விடக் கூடாது, புதியவரையும் பிடிக்க வேண்டும் என்ற வணிகக் கணக்கு அது. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் அணி உரிமையாளராக வந்ததும், 2025இல் மெக்சிகோ நகரில் ஓடியதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

தணிகைவேலன்:

ஜோர்டன் வந்தது வணிகத்துக்காக என்றால், அவர் தன் முதல் ஓட்டுநராக வாலஸை ஏன் தேர்ந்தெடுத்தார்? வணிகத்தைப் பற்றித் தனியாக இழை தொடங்குங்கள், அங்கு வந்து பேசுகிறேன். இங்கே பேசுவது ஜாக்சன்வில்.

சார்லட் வாசி அவர்களே, தங்களிடம் கேட்பது மூன்றே செய்திகள். ஸ்காட் தடத்தில் இருந்துகொண்டு, வென்றது நான் என்று சொன்ன பிறகும் விழாவை ஏன் நிறுத்தவில்லை? திருத்தம் கூட்டம் கலைந்த பிறகே ஏன் வந்தது? திருத்திய பின் கோப்பையை அவர் வீட்டுக்கு அனுப்ப ஏன் ஒருவருக்கும் கை வரவில்லை? 2015இல் புகழ்க்கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்த பிறகும், கோப்பைக்கு மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின.

சார்லட் வாசி:

மூன்றுக்கும் ஏற்கெனவே பதில் எழுதிவிட்டேன். அட்டைகளைச் சரிபார்க்க நேரம் பிடித்தது, அதனால் திருத்தம் பிந்தியது. கோப்பை போகாதது அலட்சியம், அதை நான் ஒருபோதும் நியாயப்படுத்தவில்லை. அலட்சியம் வேறு, சதி வேறு. அன்று அந்த அதிகாரிகள் வேண்டுமென்றே எண்ணிக்கையை மாற்றினார்கள் என்பதற்கு ஓர் ஆவணம் காட்டுங்கள், நான் இந்த இழையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.

தணிகைவேலன்:

நிறம் பார்த்து வஞ்சித்தவர்கள் அதை ஆவணமாக எழுதி வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறீர்களா? லேக்வுட்டில் ஆட்சேபம் வந்ததும் அட்டைகளைப் பார்த்தார்கள் என்று எழுதியவர் தாங்கள்தான். ஜாக்சன்வில்லில் ஆட்சேபம் வந்தபோது அட்டைகள் எங்கே இருந்தன? இரண்டு சுற்றுகள், ஐயா. நாளை டார்லிங்டன் பற்றி எழுதுகிறேன்.

சார்லட் வாசி:

எழுதுங்கள். அங்கேயும் சுற்றுகளைக் கையால்தான் எண்ணினார்கள்.